அச்சகத்துக்காகப் பிறந்த ஏசி: வில்லிஸ் கேரியரின் கதையும், உங்கள் வீட்டு ஸ்பிலிட் ஏசிக்கு அதில் இருக்கும் பாடங்களும்

வெளியில் இருந்து வியர்த்து விறுவிறுத்து வந்ததும் ரிமோட்டை எடுத்து 18-ல் வைத்தால், ரூம் சீக்கிரம் ஜில்லுனு ஆகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆகாது. 18-ல் வைத்தாலும் 24-ல் வைத்தாலும் முதல் சில நிமிடங்கள் கம்ப்ரசர் தன் முழு பலத்தில்தான் ஓடும். வித்தியாசம் என்னவென்றால், 24-ல் வைத்தால் அது வேலை முடிந்து ஓய்வெடுக்கும் அல்லது வேகத்தைக் குறைக்கும். 18-ல் வைத்தால் ராத்திரி முழுக்க மூச்சுவாங்க ஓடிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் கரண்ட் பில் வந்ததும்தான் நமக்குக் குளிர் விட்டுப்போகும்!

ஏசி என்றால் குளிர வைக்கும் மெஷின் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். அதை உருவாக்கியவர் அப்படி நினைக்கவில்லை. அவர் முதல் ஏசியை வடிவமைத்தது மனிதர்களுக்காகவே இல்லை, காகிதத்துக்காக. அவர் பெயர் வில்லிஸ் ஹேவிலேண்ட் கேரியர். சாப்பாட்டு கேரியருக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால், இவர் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிலிட் ஏசி என்ன செய்கிறது, எதைக் கேட்கிறது, எப்போது ஆபத்தாகிறது என்பதெல்லாம் தன்னால் புரிந்துவிடும்.

ஆப்பிளில் கற்ற கணக்கு

1876 நவம்பர் 26 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்கு அருகே உள்ள அங்கோலா என்ற சிற்றூர்ப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் கேரியர். வீட்டில் அவர் ஒரே பிள்ளை. சின்ன வயதில் பின்னக் கணக்கு அவருக்கு மண்டையில் ஏறவே இல்லை. அம்மா எலிசபெத் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கூடை ஆப்பிள்களை எடுத்துவரச் சொல்லி, ஒன்றைப் பாதியாக, இன்னொன்றைக் காலாக, மற்றொன்றை அரைக்காலாக வெட்டி அவன் முன்னால் வைத்தார். அரை என்றால் என்ன, கால் என்றால் என்ன என்று கண்ணெதிரே பார்த்த பையனுக்குக் கணக்கு பிடித்துப்போனது. பெரிய பிரச்சினையை வெட்டிச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கினால் விடை கிடைக்கும் என்ற பழக்கம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

கேரியருக்கு 11 வயதாக இருந்தபோது அம்மா இறந்துபோனார். குடும்பத்தில் பண வசதியும் இல்லை. படிப்பை முடித்ததும் நேராகக் கல்லூரிக்குப் போக முடியவில்லை. சில காலம் பள்ளியில் பாடம் நடத்தினார். பிறகு உதவித்தொகை பெற்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். செலவுக்காகப் புல் வெட்டினார், அடுப்புக்கு நிலக்கரி போட்டார், மாணவர்களின் துணிகளைத் துவைத்துத் தரும் ஒரு கூட்டுறவு லாண்டரியையும் நடத்தினார். 1901-ல் பொறியியல் பட்டத்துடன் வெளியே வந்தவருக்கு பஃபலோ ஃபோர்ஜ் என்ற நிறுவனத்தில் வேலை. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர். அந்த நிறுவனம் ஃபேன், புளோயர், ஹீட்டர் செய்து வந்தது. அதாவது, குளிர்ச்சிக்கான மனிதர் தன் வேலையைத் தொடங்கியது சூட்டில்தான்.

காகிதம் வீங்கிய கோடைக்காலம்

1902. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்று ஓர் அச்சகம். அங்கே கலர் படங்கள் அச்சடிப்பார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடிக்க வேண்டும். கோடையில் காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் லேசாக விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். நேற்று மஞ்சள் அடித்த இடத்தில் இன்று நீலம் பொருந்தாது. படத்தில் உதடு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். காகிதமும் மையும் நேரமும் வீணாகிக்கொண்டிருந்தன.

பிரச்சினை பஃபலோ ஃபோர்ஜுக்கு வந்தது. வேலையில் சேர்ந்து ஓராண்டே ஆன 25 வயது கேரியரிடம் அதை ஒப்படைத்தார்கள். காற்றைக் குளிர வைத்தால் அதில் உள்ள ஈரம் தண்ணீராகப் பிரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றை ஓடவிட்டு, அச்சகத்தின் ஈரப்பதத்தை ஆண்டு முழுக்க 55 சதவீதத்தில் நிறுத்த ஓர் ஏற்பாட்டை வடிவமைத்தார். வரைபடம் தயாரான நாள் 1902 ஜூலை 17. நவீன ஏசியின் பிறந்தநாளாக உலகம் இன்று சொல்வது இந்தத் தேதியைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நோக்கம் ஈரத்தைக் குறைப்பது. குளிர்ச்சி அதற்கான வழி மட்டுமே.

அந்த ஏற்பாட்டின் சக்தியை எப்படிச் சொன்னார்கள்? ஒரு நாளில் 1,08,000 பவுண்டு ஐஸ் உருகினால் எவ்வளவு குளிர்ச்சி கிடைக்குமோ அவ்வளவு என்றார்கள். நம் வீட்டு ஏசியின் 'டன்' கணக்கும் இங்கிருந்துதான் வருகிறது. 1.5 டன் ஏசி என்றால் அதன் எடை 1.5 டன் இல்லைங்க! 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம்தான் 1 டன். இந்தக் கணக்குப்படி கேரியரின் முதல் ஏசி 54 டன். இன்றைய 1.5 டன் ஏசிகள் 36 சேர்ந்தால் அவ்வளவு.

ஐஸை வைத்துக் குளிர்ச்சியை அளப்பது விநோதமாகத் தோன்றலாம். ஆனால், மெஷின் வருவதற்கு முன் குளிர்ச்சி என்றாலே ஐஸ்தான். அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி மெட்ராஸ் வரை கொண்டுவந்து விற்றார் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர். அதைச் சேமிக்க 1842-ல் கட்டிய கட்டிடம்தான் மெரினா எதிரே உள்ள ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம்.

பனிமூட்டத்தில் கிடைத்த விடை

அதே 1902-ன் பிற்பகுதியில், பிட்ஸ்பர்க் ரயில் நிலைய மேடையில் ரயிலுக்காகக் காத்திருந்தார் கேரியர். எங்கும் அடர்த்தியான பனிமூட்டம். பார்க்கும் எல்லாருக்கும் அது ஈரமான காற்று. கேரியருக்கு வேறொன்று தோன்றியது. காற்று தன்னால் முடிந்த அளவுக்கு ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆனாலும், குளிராக இருப்பதால் அந்த ஈரத்தின் மொத்த அளவு குறைவுதான். அப்படியானால், குளிர்ந்த தண்ணீரைப் பொடியாகத் தெளித்து, அதன் வழியாகக் காற்றை அனுப்பினால்? தண்ணீரின் வெப்பநிலையைக் கூட்டிக் குறைப்பதன் மூலம் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதைத் துல்லியமாகத் தீர்மானிக்கலாம். தண்ணீரை வைத்தே காற்றை உலர வைப்பது!

கேட்கவே முரணாக இருக்கிறதல்லவா? ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த வாட்டர் பாட்டிலை மேசையில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். அது பாட்டிலுக்குள் இருந்து கசியவில்லை. அறைக் காற்றில் இருந்த ஈரம். கேரியரின் தெளிப்பானில் ஒவ்வொரு குளிர்ந்த நீர்த்துளியும் ஒரு குட்டி பாட்டிலைப்போல வேலை செய்தது. இதற்கு 1906 ஜனவரி 2-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமையில் 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல் கிடையாது. காற்றைப் பதப்படுத்தும் கருவி என்றுதான் பெயர். ஏர் கண்டிஷனிங் என்ற சொல்லை அதே 1906-ல் உருவாக்கியவர் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற நூற்பாலைப் பொறியாளர். பஞ்சாலைகளில் காற்று வறண்டால் நூல் அறுந்துபோகும். அதனால் கேரியரின் கருவியை விரும்பி வாங்கிய முதல் வாடிக்கையாளர்களில் நூற்பாலைகளும் உண்டு. 1907-ல் ஜப்பானின் யோகோஹாமாவில் ஒரு பட்டு ஆலைக்கே அது போனது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஈரப்பதக் கட்டுப்பாடு ஏன் முக்கியம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் ஸ்பிலிட் ஏசியின் உள் யூனிட்டில் குளிர்ந்த பாட்டிலின் வேலையைச் செய்வது கூலிங் காயில். அதன் மேல் கோத்த நீர் ஒரு தட்டில் விழுந்து, டிரெயின் பைப் வழியாக வெளியேறுகிறது. கடற்கரை ஊர்களில் ஓர் இரவில் ஒரு பக்கெட்டே நிறையலாம். இதிலிருந்து மூன்று விஷயங்கள்:

- உள் யூனிட்டில் இருந்து ரூமுக்குள் தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் டிரெயின் பைப்பில் அழுக்கு அடைத்திருக்கும், அல்லது பைப் சரிவாக இல்லாமல் இருக்கும். ஸ்விட்ச் போர்டுக்கு மேலே சொட்டினால் உடனே மெயினை ஆஃப் செய்யுங்கள்.
- மழைக்காலத்தில் சூடு இல்லை, ஆனால் கசகசன்னு இருக்கிறது என்றால் ரிமோட்டில் 'டிரை' மோடு போடுங்கள். கேரியர் அச்சகத்துக்குச் செய்தது இதே வேலைதான்.
- ஃபில்டரில் தூசி படிந்தால் காற்றோட்டம் குறையும். காயில் மேல் ஐஸ் கட்டும். ரூம் கூலாகாது, கரண்ட் மட்டும் ஓடும். ஏசி அதிகம் ஓடும் மாதங்களில் 2 வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதற்கு முன் ஏசியின் எம்சிபியை ஆஃப் செய்ய மறக்காதீர்கள். ரிமோட்டில் ஆஃப் செய்தால் போதாது.

காற்றுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

1911-ல் அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர்கள் சங்கத்தில் கேரியர் ஓர் ஆய்வுக் கட்டுரையை முன்வைத்தார். காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், அதில் அடங்கிய வெப்பம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எப்படிக் கட்டுண்டிருக்கின்றன என்பதற்கான சூத்திரங்கள் அதில் இருந்தன. இன்றும் உலகம் முழுக்க ஏசி பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கின் அடித்தளம் இது.

உங்கள் மொபைலின் வெதர் ஆப் 34 டிகிரி என்று காட்டிவிட்டு, உணரும் வெப்பம் 41 என்று பக்கத்தில் போடுகிறதே, ஏன்? வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வைக்குப் போக இடமில்லை. ஆக, நம் சௌகரியம் வெப்பநிலையில் மட்டும் இல்லை. ஈரம் குறைந்த காற்று மெதுவாக வீசினால் 25, 26 டிகிரியே சுகமாக இருக்கும்.

அதனால்தான் 24 முதல் 26 வரை வைத்து, சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிடச் சொல்கிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் ஸ்டார் ரேட்டிங் ரூம் ஏசிகள், ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்கும்படி இருக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

தூக்கம் போன பொறியாளர்

கேரியருக்கு எல்லாமே வெற்றியாக அமைந்துவிடவில்லை. இளம் வயதில் மிசௌரி மாநிலத்தில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்கு வாயுவைச் சுத்திகரிக்கும் கருவி ஒன்றை நிறுவினார். கம்பெனி வாக்குக் கொடுத்த அளவுக்கு அது வேலை செய்யவில்லை. வயிற்றைப் புரட்டும் கவலை. பல நாள் தூக்கமில்லை. ஒருகட்டத்தில் உட்கார்ந்து யோசித்தார். அதிகபட்சம் என்ன ஆகும்? வேலை போகலாம், கம்பெனிக்கு 20,000 டாலர் நஷ்டம் ஆகலாம். அதை மனதளவில் ஏற்றுக்கொண்டதும் பதற்றம் அடங்கியது. பிறகு நிதானமாகச் சோதித்துப் பார்த்ததில், இன்னும் 5,000 டாலர் செலவழித்துக் கூடுதல் பாகம் சேர்த்தால் போதும் என்று தெரிந்தது. நஷ்டம் லாபமானது. டேல் கார்னகி, கவலையை ஒழிப்பது பற்றி எழுதிய தன் புகழ்பெற்ற புத்தகத்தில் கேரியரின் இந்த அணுகுமுறைக்குத் தனி இடமே கொடுத்தார்.

ராத்திரி 11 மணிக்கு ஏசி கூலாகவில்லை என்றால் நாமும் இதே வழியில் போகலாம். மோடு 'கூல்'-ல் இருக்கிறதா? ஃபில்டர் சுத்தமா? ஜன்னல் திறந்திருக்கிறதா? வெளி யூனிட்டின் ஃபேன் சுற்றுகிறதா? இவ்வளவும் சரி என்றால் மட்டும் மெக்கானிக். கருகிய வாடை வந்தாலோ, எம்சிபி மறுபடி மறுபடி டிரிப் ஆனாலோ மட்டும் யோசிக்கவே வேண்டாம். மறுபடி ஆன் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வேலை போனது, கம்பெனி பிறந்தது

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியதும் பஃபலோ ஃபோர்ஜ் நிர்வாகம் செலவைச் சுருக்க நினைத்தது. ஏசி பொறியியல் பிரிவு தேவையில்லை என்று முடிவெடுத்தது. கேரியரும் நண்பர் இர்வின் லைலும் இன்னும் 5 சக பொறியாளர்களும் சேர்ந்து, கையில் இருந்த 32,600 டாலரைப் போட்டு 1915-ல் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இன்றைய மொழியில் சொன்னால், லே-ஆஃப் ஆன டீம் ஆரம்பித்த ஸ்டார்ட்-அப்!

கேரியருக்கு ஞாபக மறதி அதிகம். ஒருமுறை பெரிய பெட்டியோடு ஊருக்குப் போனவர், போய்த் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரே ஒரு கைக்குட்டைதான் இருந்ததாம். ஆனால், ஒரு பிரச்சினையை மனதில் போட்டுக்கொண்டால் விட மாட்டார்.

அப்படி அவர் விடாமல் துரத்திய பிரச்சினை, குளிரூட்டும் வாயு. அன்று பெரும்பாலான மெஷின்களில் அம்மோனியா. கசிந்தால் விஷம். தொழிற்சாலையில் சமாளிக்கலாம், கூட்டம் கூடும் இடத்தில் வைக்க முடியுமா? 1922-ல் அவர் வெளியிட்ட சென்ட்ரிஃப்யூகல் குளிரூட்டும் மெஷின் அளவில் சிறியது. அம்மோனியாவுக்குப் பதில் அதைவிட ஆபத்து குறைந்த திரவத்தில் ஓடியது. 1924-ல் டெட்ராய்ட்டின் ஹட்சன் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் இந்த மெஷின்கள் 3 நிறுவப்பட்டன.

வாயுவின் கதை அதோடு முடியவில்லை. 1920-களின் இறுதியில் தாமஸ் மிட்க்லி குழுவினர் விஷமும் இல்லாத, தீயும் பிடிக்காத சிஎஃப்சி வாயுக்களைக் கண்டுபிடித்தார்கள். எல்லாரும் நிம்மதியானார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவை ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்தது. 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தம் அவற்றுக்கு முடிவு கட்டியது. அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடவில்லை. ஆனால், வெளியே கசிந்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 2,000 மடங்கு பூமியைச் சூடாக்கும். இன்று புதிய ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-32-க்கு இந்த எண் 675. அது லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே தீப்பிடிக்கும்.

இதில் உங்களுக்கான பாடம் பணத்தையும் உயிரையும் தொடுவது:

- ஏசி கேஸ் என்பது பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்துபோக. மூடிய செம்புக் குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. வருஷா வருஷம் கேஸ் டாப்-அப் செய்யணும் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். கேஸ் குறைந்திருந்தால் எங்கோ லீக். முதலில் லீக்கைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிறகு வேக்குவம் பம்பால் உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அதன்பிறகே சரியான எடையில் கேஸ் நிரப்ப வேண்டும்.
- லீக் சோதனைக்கு நைட்ரஜன் சிலிண்டர்தான். ஆக்சிஜனைக் கொண்டு அழுத்தம் ஏற்றினால், உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடலாம்.
- உங்கள் ஏசியில் எந்த கேஸ் என்று வெளி யூனிட்டின் ஸ்டிக்கரில் இருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நிரப்ப விடாதீர்கள். வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் சிகரெட், தீப்பெட்டி வேண்டாம்.

தியேட்டருக்குள் வந்த குளிர்

பொதுமக்கள் ஏசியை முதலில் அனுபவித்தது வீட்டில் இல்லை, தியேட்டரில். ஆரம்பத்தில் சில தியேட்டர்களில் குளிர்ந்த காற்றைத் தரையில் இருந்து மேல்நோக்கி விட்டார்கள். குளிர்ந்த காற்று கனமானது. மேலே ஏறாமல் காலடியிலேயே தேங்கியது. கால் விறைத்துப்போய், நியூஸ் பேப்பரைச் சுற்றிக்கொண்டு படம் பார்த்தவர்களும் உண்டு. கேரியர் நிறுவனம் இதைத் தலைகீழாக மாற்றியது. குளிர்ந்த காற்றைக் கூரையில் இருந்து மெல்லக் கீழே இறக்கி, பழைய காற்றைத் தரையோரம் உறிஞ்சியது.

1925-ல் மே மாத இறுதியின் நினைவு நாள் விடுமுறை. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ரிவோலி தியேட்டர். பாரமவுண்ட் நிறுவனத்தின் அடால்ஃப் ஸுகோரே நேரில் வந்து பால்கனியில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் விசிறிகளோடு வந்தது. மெஷினை ஆன் செய்யத் தாமதமாகிவிட்டதால் உள்ளே புழுக்கம். கேரியருக்குப் பதற்றம். காற்று இறங்க இறங்க, விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. காட்சி முடிந்ததும் ஸுகோர், மக்களுக்கு இது பிடிக்கப்போகிறது என்பதை ஒப்புக்கொண்டார். அடுத்த சில ஆண்டுகளில் கோடைக்காலம் என்றாலே தியேட்டர் என்ற பழக்கம் உருவானது.

உங்கள் உள் யூனிட்டைச் சுவரின் மேல்பகுதியில் மாட்டுவதும் இதனால்தான். அதன் லூவரைக் கிடைமட்டமாக வையுங்கள். குளிர்ந்த காற்று தானாக இறங்கிப் பரவும். நேராக முகத்தில் அடிக்கும்படி திருப்பினால் உங்களுக்குத் தொண்டை கட்டும், ரூமின் மறுபக்கம் சூடாகவே இருக்கும்.

வீட்டுக்குள் வர எடுத்த காலம்

1914-லேயே மினியாபொலிஸ் நகரில் ஒரு கோடீஸ்வரர் மாளிகைக்குக் கேரியரின் ஏசி போயிருந்தது. உயரம் 7 அடி, நீளம் 20 அடி. நம் ஊர் பெட்ரூமைவிடப் பெரிது! 1928-ல் வீடுகளுக்கென்றே 'வெதர்மேக்கர்' என்ற மாடலைக் கேரியர் நிறுவனம் கொண்டுவந்தது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையும் குளிர்ந்தது. ஆனால், 1929-ல் பங்குச் சந்தை சரிந்து பெரும் பொருளாதார மந்தம் வந்தது. வீட்டு ஏசி வாங்க யாரிடமும் பணமில்லை. இன்னும் இரண்டு நிறுவனங்களோடு இணைந்துதான் கேரியரின் கம்பெனி தப்பித்தது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பனிவீடு வடிவில் ஓர் அரங்கம் அமைத்து ஏசியை மக்களுக்குக் காட்டினார்கள். ஏசி சாதாரண வீடுகளுக்குப் பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

அவருடைய தனிவாழ்விலும் இழப்புகள் அதிகம். முதல் மனைவி 1912-லும், இரண்டாவது மனைவி 1939-லும் இறந்தனர். இரண்டு பையன்களைத் தத்தெடுத்து வளர்த்தார். இதய நோயால் 1940-களில் பொறுப்புகளில் இருந்து மெல்ல ஒதுங்கியவர், 1950 அக்டோபர் 7-ல் 73 வயதில் நியூயார்க்கில் மறைந்தார். சுவரில் ஒரு பாதி, மாடியில் ஒரு பாதி என்று பிரிந்து நிற்கும் ஸ்பிலிட் ஏசி நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்ததை அவர் பார்க்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற கணக்கு

கேரியரைப் பொறுத்தவரை ஏசி 4 வேலைகளைச் செய்ய வேண்டும்: வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது, ஈரத்தைக் கட்டுப்படுத்துவது, காற்றைச் சுத்தப்படுத்துவது, காற்றோட்டம் தருவது. நம் ஸ்பிலிட் ஏசி முதல் இரண்டை நன்றாகச் செய்கிறது. மூன்றாவதை ஓரளவு செய்கிறது. நான்காவதில் பாதியைச் செய்வதே இல்லை. உள்ளே இருக்கும் காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிறது. வெளியில் இருந்து புதுக் காற்று வராது. அதனால் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய ஏசி ரூமில் கொசுவர்த்தி, சாம்பிராணி, கரி அடுப்பு எதையும் ஏற்றாதீர்கள். புகைக்குப் போக வழி கிடையாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகிறது. 1.5 டன் ஏசி முழு வேகத்தில் சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை ரூமில் இருந்து எடுத்து, தான் சாப்பிட்ட மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. வெளி யூனிட்டைச் சுற்றித் துணி காயப்போட்டு, பழைய பொருட்களை அடுக்கி வைத்தால் அந்தச் சூட்டுக்குப் போக இடமில்லாமல் அது தன் சூட்டையே மறுபடி உறிஞ்சும். பில் ஏறும், கம்ப்ரசர் சீக்கிரம் பழுதாகும்.

கோடைக்கு முன் இதையெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்:

- ஏசிக்குத் தனி வயரிங், தனி எம்சிபி, சரியான எர்த் இருக்கிறதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசியைச் செருகவே கூடாது. பிளக் சூடானாலோ, பழுப்பேறியிருந்தாலோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.
- கரண்ட் போய் வந்தால் 3 நிமிடமாவது கழித்து ஆன் செய்யுங்கள்.
- வெளி யூனிட்டை நீங்களே திறக்காதீர்கள். ஆஃப் செய்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். பால்கனிச் சுவருக்கு வெளியே எட்டிச் சுத்தம் செய்யவும் வேண்டாம்.
- வெளி யூனிட்டைத் தாங்கும் பிராக்கெட்டும் போல்ட்டும் துரு பிடித்திருக்கிறதா என்று சர்வீஸுக்கு வருபவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் இது ரொம்ப முக்கியம்.
- புதிதாக வாங்கும்போது ரூமுக்குத் தேவையானதைவிடப் பெரிய டன் வேண்டாம். அது டக்கென்று குளிரவைத்து நின்றுவிடும். ஈரத்தை எடுக்க நேரம் இருக்காது. ஜில்லென்று இருந்தும் பிசுபிசுப்பு போகாது.
- மேற்குப் பக்க ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். உள்ளே வராத வெப்பத்தை வெளியே தள்ள மின்சாரம் தேவையில்லை.

அச்சகத்தின் ஈரத்தை 55 சதவீதத்தில் நிறுத்த முயன்ற கேரியர், தேவைக்கு மேல் ஒரு டிகிரிகூடக் குளிர வைக்க நினைக்கவில்லை. காகிதத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். நம் உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும். இன்று 24-ல் தொடங்குங்கள், நாளை 25, மறுநாள் 26, கூடவே மெதுவாக ஃபேன். எந்த எண்ணில் போர்வையும் வேண்டாம், வியர்வையும் இல்லை என்று ஆகிறதோ, அதுதான் உங்கள் வீட்டுக்கான எண்.